லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது, நான்தான் படியில வர்றேன்!

மாடிப்படி ஏறுவதைப் பற்றி என்னிடம் யாரும் வாய் கொடுக்காதீங்க. கொடுத்தால் விடமாட்டேன். வீட்டில் இந்தப் பேச்சுக்குத் தடை போட்டாகிவிட்டது. ஆபீஸ் கேன்டீனில் நான் தட்டோடு வருவதைப் பார்த்தால் பாதிப் பேர் வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்கள். பரவாயில்லை, இன்றைக்கு நீங்கள் மாட்டினீர்கள்!

விஷயம் ரொம்பச் சின்னது. ஜிம் இல்லை, டிராக் பேன்ட் இல்லை, விடியற்காலை அலாரம் இல்லை. எப்படியும் ஏறியாக வேண்டிய மாடியை லிஃப்டில் ஏறாமல் காலால் ஏறுவது. அதுவும் அசைந்தாடி இல்லை, மூச்சு வாங்குகிற மாதிரி விறுவிறுவென்று. ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம் போலத்தான் ஆகும். ஒரு நாளைக்கு ஒரு மூணு தடவை. அவ்வளவுதான். இதுக்கா இந்தக் குதி குதிக்கிறே என்கிறீர்களா? குதிப்பேன் சார், குதிப்பேன்! வாங்க, என்கூட ஒரே ஒரு தடவை ஏறிப் பாருங்க.

ஆலந்தூரில் எங்கள் குடியிருப்பு. கீழே வண்டி நிறுத்தும் இடம், மேலே நாலு மாடி. மாடிக்கு 18 படி, ஆக மொத்தம் 72. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, பெட்ரோல் வாசனையும் ஈரத் தரை வாசனையும் கலந்து அடிக்கிற அந்த இருட்டு மூலையில் நிற்கிறீர்கள். இடது பக்கம் லிஃப்ட், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வா வா என்கிறது. நீங்கள் அதைத் திரும்பியும் பார்க்காமல் வலது காலைத் தூக்கி முதல் படியில் வைக்கிறீர்கள். முதல் மாடி ஒன்றுமே இல்லை, செருப்பு ஸ்டாண்டைத் தாண்டும்போது யார் வீட்டிலோ வத்தக்குழம்பு கொதிக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது மாடியில் தொடை லேசாகக் கண் முழிக்கிறது, உள்ளே குக்கர் மூணாவது விசில் அடிக்கிறது. மூணாவது மாடியில்தான் ஆட்டமே ஆரம்பம்! தொடையில் சூடு ஏறுகிறது, கெண்டைக்கால் முறுக்கிக்கொள்கிறது, நெஞ்சுக்குள் அடிக்கிற அடி காதுக்குள் கேட்கிறது, கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளலாமா என்று கை தானாகப் போகிறது. பிடிக்காதீங்க! இன்னும் 18 படிதான், 10 படிதான், அஞ்சுதான், வந்தாச்சு! வாய் திறந்து, முகம் சிவந்து, சட்டை முதுகில் ஒட்டி, ஒரு வார்த்தை பேச முடியாமல் நிற்கிறீர்கள், ஆனால் உள்ளே என்னமோ ஒரு சிரிப்பு பொங்கிக்கொண்டு வருகிறது பாருங்க, அதுக்குத்தான் இவ்வளவும்.

அங்கேயே நிற்கவேண்டும் என்று என்ன இருக்கிறது? எனக்கு அந்த நேரத்தில் மொட்டைமாடி வரை போகாமல் கால் நிற்காது. கதவைத் தள்ளினால் குப்பென்று காற்று. எதிரே பரங்கிமலை, உச்சியில் வெள்ளை மாதா கோயில். மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானம் சக்கரத்தை நீட்டிக்கொண்டு, ஜன்னலை எண்ணிவிடலாம் போலத் தாழ்வாகப் போகிறது. நான் கையை ஆட்டுகிறேன். ஆமாம், தலை நரைத்த இந்த வயதில்! கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் பார்த்துவிட்டான். அவனும் சேர்ந்து ஆட்டினான்.

சும்மா கிடைக்கிற பரவசம் இல்லை இது, கணக்கு இருக்கிறது. நாலு மாடி என்றால் ஏறக்குறைய 12 மீட்டர். உங்கள் எடை 75 கிலோ என்றால், 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை ஒரு நிமிஷத்தில் நாலாவது மாடிக்கு ஏற்றியிருக்கிறீர்கள்! சமதரையில் நடக்கும்போது உடம்பு முன்னால் நகர்கிறது. படியில் ஒவ்வொரு அடிக்கும் மொத்த எடையையும் மேலே தூக்கியாக வேண்டும். தூக்குவது முன்தொடை, பிட்டம், கெண்டைக்கால், உடம்பில் இருக்கிற பெரிய தசைகள். அவை எல்லாம் ஒரே நேரத்தில் ஆக்சிஜன் கேட்டால் இதயம் ஓடித்தானே ஆகவேண்டும்?

கனடாவில் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இதையே சோதித்துப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள். உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத இளைஞர்களைக் கூப்பிட்டு 60 படியை வேகமாக ஏறச் சொன்னார்கள். ஒரு நாளைக்கு மூணு தடவை, நடுவில் சில மணி நேர இடைவெளி, வாரத்தில் மூணு நாள், மொத்தம் ஆறு வாரம். உடம்பு உச்சமாக எவ்வளவு ஆக்சிஜனை உபயோகிக்க முடியும் என்று அளந்தால், சுமார் 5 சதவீதம் கூடியிருந்தது. 5 சதவீதம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்காதீங்க, அவர்கள் செலவழித்த நேரத்தைப் பாருங்க! படித்தவுடன் நான் செய்த முதல் காரியம், வெளியே ஓடிப்போய் எங்கள் வீட்டுப் படியை எண்ணியதுதான். 72 என்று வந்ததும் லாட்டரி விழுந்த மாதிரி கத்திவிட்டேன்.

அதோடு விட்டேனா? 2022இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்ததைப் படித்த அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. பிரிட்டனில் உடற்பயிற்சியே செய்வதில்லை என்று சொன்ன 25,000க்கும் மேற்பட்டவர்களின் மணிக்கட்டில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டிவிட்டுப் பார்த்தார்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, மூட்டையோடு மேடேறுவது, மாடிப்படி என்று, அன்றாட வேலையிலேயே ஒன்றிரண்டு நிமிஷம் மூச்சு வாங்குகிற அசைவு நாளுக்கு மூன்று தடவை இருந்தவர்களிடம், அது கொஞ்சமும் இல்லாதவர்களைவிட, அடுத்து வந்த ஆண்டுகளில் மரண ஆபத்து 40 சதவீதத்தை ஒட்டிக் குறைவாக இருந்தது. இதயம், ரத்தக்குழாய் நோய்களால் வரும் மரணத்தில் கிட்டத்தட்ட பாதி! இது கவனித்துப் பார்த்த ஆய்வுதான், படிதான் உயிரைக் காத்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்று தங்கை மகள் சொன்னாள். அவள் டாக்டருக்குப் படிக்கிறாள், சொல்லத்தான் செய்வாள்.

ஆனால் இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டது அந்தக் காலத்து லண்டன் பஸ்! சென்னையில் முன்பு ஓடிய நம்ம 18ஏ மாடி பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்க, அதே மாதிரி மாடி பஸ், சிவப்பு நிறத்தில். டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேலேயும் கீழேயும் ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு 500 படிக்கு மேல். ஒரே டிப்போ, ஒரே பஸ், ஒரே புகை. ஜெர்ரி மாரிஸ் என்கிற மருத்துவர் கணக்கெடுத்து 1953இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்: கண்டக்டர்களுக்கு மாரடைப்பு நோய் குறைவு, வந்தாலும் பிந்தித்தான் வருகிறது! டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே பெருத்த இடுப்போடு சேர்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு அவர்களுடைய யூனிஃபார்ம் கால்சட்டை அளவையெல்லாம் பிற்பாடு தேடி எடுத்தவரும் அவர்தான். எடுத்தால், சந்தேகம் சரிதான், டிரைவர்கள் இடுப்பு பெரிசு. ஆனால் நடந்து கடிதம் கொடுக்கும் தபால்காரருக்கும் நாற்காலியில் உட்காரும் தபால் குமாஸ்தாவுக்கும் இடையிலும் அவர் அதே வித்தியாசத்தைத்தான் பார்த்திருந்தார். மனுஷன் 99 வயது வரை இருந்தார். இன்னும் என்ன சாட்சி வேண்டும்?

எனக்குக் கிடைத்த சாட்சி கரன்ட் போன அன்றைக்கு. நல்ல கோடை, சாயங்காலம் ஆறு மணி, லிஃப்ட் மூச்சு பேச்சில்லாமல் நிற்கிறது, ஜெனரேட்டரும் கைவிட்டுவிட்டது. முதல் மாடித் திருப்பத்தில் ஒருவர் சுவரில் சாய்ந்திருக்கிறார், இரண்டாவது மாடியில் இரண்டு பேர் படியிலேயே உட்கார்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொள்கிறார்கள், நான் ஒரு கையில் காய்கறிப் பை, இன்னொரு கையில் அஞ்சு கிலோ ஆட்டா, போன் வெளிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு திபுதிபுவென்று எல்லாரையும் தாண்டிப் போகிறேன், கால் தானாகப் போகிறது, மூச்சு வாங்குகிறது, ஆனால் திணறவில்லை, இதே மூணாவது மாடியில் ஒருகாலத்தில் சாவியைத் தேடுகிற சாக்கில் நின்று இளைப்பாறியவன் நான், இன்றைக்கு நிற்கத் தோன்றவே இல்லை, உடம்பு என் சொல்பேச்சு கேட்கிறது, யாருக்கும் தெரியாமல் நிமிஷம் நிமிஷமாகச் சேர்த்து வைத்ததெல்லாம் வட்டியோடு திரும்பி வருகிறது! வழக்கமாக என்னைப் படியில் பார்க்கும்போதெல்லாம் “என்ன தம்பி, லிஃப்ட் ரிப்பேரா?” என்று விசாரிக்கிற இரண்டாவது மாடி அம்மா, “இல்லம்மா, நல்லாத்தான் ஓடுது, நான்தான் படியில வர்றேன்” என்று நானும் சலிக்காமல் பதில் சொல்லிவந்த அதே அம்மா, அன்றைக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏம்ப்பா, நீ மனுஷன்தானா?” அந்த ஒரு வார்த்தைக்கு இன்னும் நாலு மாடி ஏறியிருப்பேன், கட்டடம்தான் முடிந்துவிட்டது!

இப்போது எங்கே படியைப் பார்த்தாலும் கால் அரிக்கிறது. இரண்டு தடமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகிற ஆலந்தூர் மெட்ரோவில் ஜனம் எல்லாம் எஸ்கலேட்டருக்கு வரிசை கட்டி நிற்கும். பக்கத்தில் அகலமான படிக்கட்டு ஆளே இல்லாமல், எனக்காகவே பெருக்கி வைத்த மாதிரி கிடக்கும். சில ஞாயிற்றுக்கிழமை பரங்கிமலைக்கே போய்விடுவேன். 18ஆம் நூற்றாண்டில் ஆர்மேனிய வணிகர் உஸ்கான் கட்டிக்கொடுத்த படி அது, ஏறிப் போனால் சென்னையே காலடியில். கார் போகப் பாதை இருக்கிறதாம். இருக்கட்டும்.

குறையே இல்லையா என்றால், இறங்கும்போது முட்டி கொஞ்சம் முனகும், புதிதில் இரண்டு நாள் தொடை பிடித்துக்கொள்ளும். முட்டி வலி, நெஞ்சுக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஆரம்பிங்க, ஒரு மாடியோடு ஆரம்பிங்க, மற்ற மூணு மாடிக்கு லிஃப்ட் இருக்கவே இருக்கிறது. குறை முடிந்தது!

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போகும்போதே ஆரம்பிச்சிடுங்க, திங்கட்கிழமை நல்ல நாள் பார்க்கவேண்டாம். மேலே போய்ச் சேர்ந்ததும் எப்படி இருந்தது என்று எனக்கு உடனே போன் போட்டுச் சொல்லுங்க. இல்லை, வேண்டாம், உடனே பேச வராது. ரெண்டு நிமிஷம் மூச்சு விட்டுட்டுப் போடுங்க!