இயல்பூக்கமும் உள்ளுணர்வும்

சிங்கப்பூரில் விடியுமுன்னே குயில் கூவுகிறது. காக்கைக் கூட்டில் பொரித்து, காக்கை ஊட்ட வளர்ந்த பறவை அது. ஆயினும் பருவம் வந்ததும் குயிலாகவே கூவுகிறது. அதனைக் கற்பித்தார் எவருமிலர். கல்லாது வரும் இவ்வாற்றலுக்குத் தமிழிற் பெயர் யாது?

'உள்ளுணர்வு' என்பர் பலர். சிராங்கூன் சாலையில் நெடுநாள் பூத்தொடுப்பவர், மலரைத் தொட்ட அளவிலேயே அது எப்பொழுது வாடும் என்று கூறிவிடுவார். அது உள்ளுணர்வு, பழகிப் பழகி வந்தது. குயிலின் கூவலோ பழக்கத்தால் வந்ததன்று. ஒன்றற்கொன்று மாறான இரண்டினை ஒரு சொல்லால் வழங்கின், அறிவியலை ஆங்கிலத்திற் பயிலும் இந்நகர மாணவர் தமிழில் அதனைச் சொல்ல முற்படும்போது இடர்ப்படுவர். பிராய்டு ஜெர்மானிய மொழியில் 'டிரீப்', 'இன்ஸ்டிங்க்ட்' என வேறுபடுத்திய இரண்டினையும், 1953 முதல் 1974 வரை வெளிவந்த 24 தொகுதி ஆங்கிலப் பதிப்பு 'இன்ஸ்டிங்ட்' என ஒரே சொல்லால் பெயர்த்தது. அதன்மீது எழுந்த கண்டனம் இன்னும் ஓயவில்லை.

பாடநூலார் வழங்கும் 'இயல்பூக்கம்' என்பதையும் சிலர் ஏற்பதில்லை. ஊக்கம் என்பது மனத்திட்பத்தோடு கூடிய முயற்சி. வள்ளுவர் அதனை உடைமை என்றே ஓர் அதிகாரத்தில் போற்றினார். தன்வயமின்றி நிகழ்வதற்கு அச்சொல் எங்ஙனம் பொருந்தும் என்பது அவர் வினா. நல்ல வினாவே. ஆனால் கலித்தொகையில் 'ஊக்குதல்' என்பது ஊசலை ஆட்டிவிடுதல். குறிஞ்சிக்கலித் தலைவி, ஊசலிலிருந்தபடி, தன்னைச் சிறிது ஊக்குமாறு தலைவனை வேண்டுகிறாள். அமர்ந்திருப்பவள் ஒருத்தி, ஊக்குபவன் வேறொருவன். அவ்வாறே உயிரை இயல்பு ஊக்குவது இயல்பூக்கம். பொருத்தம் இதனினும் வேண்டுமோ?

'மிருக உணர்ச்சி' என்னும் தொடரே பெருந்தீங்கு செய்வது. பெண்ணிடம் முறைதவறி நடந்தவனைப் பற்றிய வழக்குச் செய்தியில் இத்தொடர் எளிதாக வந்து அமர்ந்துவிடுகிறது. அவன் இருள் வரும்வரை காத்திருந்தான். ஆளில்லா இடம் தேர்ந்தான். பின்னர்ப் பொய்யும் புனைந்தான். இவற்றுள் விலங்கின் செயல் எது? இன்ப விழைவு எல்லா உயிர்க்கும் பொது என்று பொருளியலிற் கூறிய தொல்காப்பியர், அதனை இழிவென்று கூறவில்லை. மரபியலில் விலங்கிற்கு ஐயறிவு வகுத்து, மனத்தை ஆறாவதாக மக்களுக்கு வைத்தார். குற்றவாளி கையாண்டது அவ்வாறாவது அறிவையே. அதனை மறைத்துப் பழியை ஐயறிவின்மேல் ஏற்றுகிறது அத்தொடர். வழக்கறிஞர் கேளாமலே அவனுக்குப் பாதி விடுதலையும் தந்துவிடுகிறது.