உருகும் நேரத்துக் கண்ணாடிக் குழாய்

வேதியியல் ஆய்வகத்தில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை உருகுநிலை காண்பதுதான். ஒரு முனை மூடிய மெல்லிய கேபிலரிக் குழாய், அதற்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரத்துக்குப் பொடி. அவ்வளவு போதும். மேசையில் மெல்லத் தட்டித் தட்டிப் பொடியை அடியில் இறக்குவதே ஒரு கைப்பழக்கம். இடைவெளி விட்டால் வெப்பம் சீராக ஏறாது.

குழாயை வெப்பமானியோடு சேர்த்துக் கட்டி, திரவ பாரஃபின் நிரம்பிய தீல் குழாயில் இறக்குவார்கள். ஜெர்மானிய வேதியியலாளர் யோஹன்னஸ் தீல் வடிவமைத்த அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தின் அழகு, பக்கவாட்டில் வளைந்த கையில்தான் இருக்கிறது. அங்கே சூடேற்றினால் எண்ணெய் தானே மேலேறிச் சுற்றி வரும், கலக்க வேண்டியதில்லை.

பிறகு பொறுமை. எதிர்பார்க்கும் வெப்பநிலையை நெருங்கும்போது நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏறவிடக் கூடாது. தூய பென்சாயிக் அமிலம் என்றால் 122 டிகிரி செல்சியஸை ஒட்டி, ஏறக்குறைய ஒரே டிகிரிக்குள் தெளிந்த திரவமாகிவிடும். அசுத்தம் கலந்திருந்தால் முன்னதாகவே இளகி, இழுத்து இழுத்து உருகும்.

இதில் நான் வியக்கும் தந்திரம் ஒன்று உண்டு. யூரியாவும் சின்னமிக் அமிலமும் தனித்தனியே 133 டிகிரியை ஒட்டியே உருகும். வெப்பமானியை மட்டும் நம்பினால் எது எதுவென்று சொல்ல முடியாது. இரண்டையும் கலந்து சூடேற்றுங்கள், அந்த அளவை எட்டும் முன்பே வெகு கீழே உருகத் தொடங்கிவிடும். ஒரே பொருளாக இருந்திருந்தால் உருகுநிலை இறங்கியே இருக்காது.