கரியால் எழுதியவை

காதல், சிறை, புரட்சி மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னால், 'சிறைக்குள்ளே விடுதலை' என்ற முரணை யாராவது எடுத்து நீட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் அலுப்புத் தட்டிவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரண்டு நாவல்களில் இரண்டு கைதிகள் கரியால் எழுதுகிறார்கள். அந்தக் கரியையே பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

முதலாவது, ஸ்தெந்தால் 1838-ன் கடைசியில் 52 நாட்களில் சொல்லி எழுதவைத்து 1839-ல் வெளிவந்த 'பார்மா மடாலயம்'. ஃபர்னேஸே கோபுரத்தில் அடைபட்ட ஃபப்ரீஸியோ, கைக்கடியாரத்தின் வில்லைப் பல்வெட்டி ரம்பமாக்கி, ஜன்னலை மறைத்த பலகையில் துளையிடுகிறான். எதிரே சிறையதிகாரியின் மகள் கிளேலியா, தன் பறவைக் கூண்டுகளுக்கிடையில். அடுப்பில் கிடைத்த கரித்துண்டால் உள்ளங்கையில் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக் காட்டி, அழித்து, அடுத்ததை எழுதுகிறான். காதல் இப்படித்தான் சொல்லப்படுகிறது. சொன்னதும் மிச்சமில்லாமல் போகிறது. தப்பிக்க வைக்க ஆட்கள் கயிறு தேடி அலைகிறார்கள், இவனுக்கோ வெளியே போகவே மனமில்லை. பிறகு தானாகவே திரும்பி வந்து அதே கோபுரத்தில் நுழைகிறான்.

இதைப் பலாயனம் என்று ஒதுக்குவது சுலபம். ஆனால் சிறையதிகாரி ஃபாபியோ கோன்ட்டி யார்? அந்த ஊர் லிபரல்களின் தலைவன் என்று பெயரெடுத்தவன். எதிர்ப்பே ஜெயில் சாவியைக் கையில் வைத்திருக்கும் ஒரு ராஜ்யத்தில், வெளி என்பதுதான் எங்கே இருக்கிறது? நாவல் 1796-ல் நெப்போலியனின் படை மிலானுக்குள் நுழையும் உற்சாகத்தோடு தொடங்குகிறது. அந்த உற்சாகம் வற்றிப்போன பிறகு எஞ்சியதுதான் பார்மா. அங்கே நிஜமான குடியரசுவாதி ஒருவனே. காட்டில் ஒளிந்து வழிப்பறி செய்து, பறித்ததற்கு ஒழுங்காகக் கணக்கும் வைத்திருக்கும் கவிஞன், ஃபெரான்டே பல்லா. அவன் அரசனுக்கு விஷம் வைப்பதுகூடக் குடியரசுக்காக அல்ல, தான் வழிபடும் சீமாட்டி கேட்டதற்காக. பால்ஸாக் 1840-ல் இந்நாவலைக் கொண்டாடியபோது பல்லாவையும் கொண்டாடினார். எனக்கென்னவோ, பல்லா கொஞ்சம் ஒபரா மேடையிலிருந்து இறங்கி வந்தவன்போலப் படுகிறான்.

இரண்டாவது கரி வேறு ஜாதி. டிக்கன்ஸின் 'இரு நகரங்களின் கதை' (1859) என்றதும் எல்லோருக்கும் சிட்னி கார்ட்டனின் தியாகம் ஞாபகம் வருகிறது. அது பள்ளி நாடகங்களுக்குப் போதும். நாவலின் முதுகெலும்பு வேறிடத்தில் இருக்கிறது. பாஸ்டீல் சிறையில் டாக்டர் மானெத், புகைபோக்கியில் சுரண்டிய கரியோடு தன் ரத்தத்தைக் கலந்து, துருப்பிடித்த இரும்பு முனையால் 1767 டிசம்பரில் ஒரு வாக்குமூலம் எழுதி ஒளித்துவைக்கிறார். தன்னை அடைத்த குடும்பத்தின் கடைசி வாரிசுவரை அதில் குற்றம்சாட்டுகிறார். 1789-ல் பாஸ்டீல் விழும்போது தெஃபார்ஜ் அதைக் கண்டெடுக்கிறான். 1793-ன் இறுதியில் புரட்சி நீதிமன்றத்தில் அது உரக்க வாசிக்கப்படுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் அந்தக் குடும்பத்து வாரிசு. டாக்டருடைய மகளின் கணவனும் அவனே.

இந்த நீதிமன்றக் காட்சியை நம்மைப்போல எழுதுகிறவர்கள் மீண்டும் ஒருமுறை படிக்க வேண்டும். எழுதியவரே எழுந்து, இது பொய்ப் பத்திரம், மோசடி என்று கத்துகிறார். யாரும் கேட்பதில்லை. வதைபட்டவன் என்ற அவருடைய மதிப்பு முதல் விசாரணையில் மாப்பிள்ளையை மீட்டிருந்தது. இப்போது அதே வதையின் எழுத்து அவனைக் கொல்லப்போகிறது. எழுதிய ஒவ்வொரு சொல்லும் உண்மை. அநீதியும் நிஜம், வெறுப்பும் நியாயம். எங்கும் பொய்யில்லை என்பதுதான் பயங்கரம். புரட்சியைக் கண்டு நடுங்கும் மத்தியதர வர்க்க மனம் டிக்கன்ஸுடையது என்று சொல்லப்படுவதை நான் மறுக்கவில்லை. பெண் பின்னல் ஊசிகளைக் காட்டி அவர் நம்மைப் பயமுறுத்தும் இடங்கள் மலிவானவையே. ஆனால் இந்தக் கடிதத்தில் அவர் தன் பயத்தைத் தாண்டிவிடுகிறார். இங்கே புரட்சி மானெத்தின் எழுத்தைத் திரிக்கவில்லை. அதை அட்சரம் பிசகாமல் வாசிக்கிறது.

ஸ்தெந்தாலின் கைதி எழுதியது அவன் கையோடு அழிந்தது. அதனால் யாருக்கும் அதைப் பயன்படுத்த முடியவில்லை. மானெத் எழுதியது சுவருக்குள் காத்திருந்தது. நிலைப்பதற்காக எழுதுகிறோம் என்று நாம் சாதாரணமாகச் சொல்லிக்கொள்கிறோமே, அந்த இரண்டாவது எழுத்தைத்தான் சொல்கிறோம். தீர்ப்புக்குப் பிறகு மானெத் மறுபடி நினைவு தப்பி, சிறையில் தைத்துக்கொண்டிருந்த செருப்பைத் தேடுகிறார். எழுதிய காகிதத்தைக் கேட்கவில்லை.