வேதாளம் கேட்ட கேள்வி

நமது வாசிப்பு வரலாற்றைப் பற்றிக் கதைக்கிறவர்கள் பாடநூலில் தொடங்கி நேரே நாவலுக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் கிடந்த சித்திரக்கதைகளைப் பெரிதாக எண்ணுவதில்லை. எண்பதுகளில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வளர்ந்த எங்களுக்கு வாசிப்பின் ருசியைக் காட்டியவை அவைதான். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ், அம்புலிமாமா எல்லாம் கைமாறிக் கைமாறி, அட்டை கிழிந்து வந்து சேரும். "உந்தப் பேய்ப் புத்தகத்தை வச்சிட்டு ஓதப் போ" என்ற ஏச்சும் கூடவே வரும்.

அந்த ஏச்சு நியாயமா? எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே தீர்ப்புச் சொல்ல ஏலாது.

1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழில் வந்தவர் இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் இதழில் பிறந்தவர். உடலில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், இரும்புக் கை மட்டும் தெரியும். மூலத்தின் முதற்கதையில் அவர் குற்றவாளி. கண்ணுக்குத் தெரியாத சக்தி மனிசனைக் கெடுக்கும் என்ற எண்ணம் அதில் இருந்தது. பிறகு அவரை உளவாளியாக்கி நல்லவராக்கினார்கள். சாகசம் கூடியது, அந்த எண்ணம் போய்விட்டது.

லீ பாக் 1936இல் படைத்த முகமூடி வீரர் இந்திரஜால் காமிக்ஸில் வேதாளன் ஆனார். அவருடைய காட்டில் கறுப்பின மக்கள் நீதிக்காக ஒரு வெள்ளைக்காரரின் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சிறுவயதில் இது உறுத்தாது. இன்று வாசித்தால் காலனித்துவம் அப்படியே தெரிகிறது.

வேதாளனுக்கும் வேதாளத்துக்கும் ஓரெழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் முன்னவர் தீர்ப்புச் சொல்கிறார், பின்னது தீர்ப்பு கேட்கிறது. 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில், ஓவியர் சங்கரின் விக்கிரமாதித்தன் உருவிய வாளோடு பிணத்தைத் தோளில் போட்டு நடப்பான். அதற்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லி, கடைசியில் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறும். பழைய கதைகள் இருபத்தைந்துதான். அம்புலிமாமா அதே சட்டகத்தில் புதுக்கதைகளைக் கட்டிக்கொண்டே போனது. கேள்வி தீராததால் கதையும் தீரவில்லை.

இது நமக்கு அந்நியமான வடிவமா? 1572இல் அரங்கேறிய வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா முழுக்கக் கேள்வியும் பதிலும். நூறு மசலாவிலும் கேள்வி கேட்பவள் ஓர் இளவரசி. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. கேள்வியைக் கதையின் முதுகெலும்பாக்குவதில் இவை உறவுக்காரர். வேதாளக் கதையை ஏசிவிட்டு மசலாவைப் போற்றுபவர் இந்த உறவைக் கவனிக்கவில்லை.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். கதைப் புத்தகங்களைக் கட்டி எடுக்க யாருக்கு அவகாசம்? புத்தகங்கள் போயின, வேதாளத்தின் நிபந்தனை மட்டும் மனதில் நின்றது. அநியாயம் என்று தெரிந்தும் அன்று வாய் திறந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். அச்சத்தால் பேசாதவர் ஒருபுறம். அச்சமில்லாத தூரத்தில் இருந்தும், எழுதத் தெரிந்தும், பேசாதவர் மறுபுறம். வேதாளத்தின் கேள்வி இரண்டாமவருக்கு உரியது. மற்றவருக்கு அநியாயம் நடக்கும்போது அது நமக்கும் உரியது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான்: பேய் வருவதால் ஒரு சிறுவர் கதை கெட்டுப்போவதில்லை, பிள்ளையின் கேள்வியைப் பறித்துக்கொள்ளும்போதுதான் கெடுகிறது. நம் மசலாக்களும் கிஸ்ஸாக்களும் சித்திரக்கதையாக வர வேண்டும். 1990இல் நடந்ததும் பிள்ளைகளுக்கு அப்படிச் சொல்லப்பட வேண்டும். வரையத் தெரிந்த பெடியள் நம் வகுப்பறைகளிலேயே இருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் பதிலை எழுதிவிடாமல், அவர்கள் சொல்வதற்கு இடம் விட்டால் போதும்.