கொன்றவர் கதையும் இழந்தவர் கதையும்

ஒரு குற்றம் நிகழ்ந்த அன்று ஊரார் வாயில் இருவர் பெயர் வழங்கும். செய்தவன் பெயர் ஒன்று. அதற்கு இரையானவர் பெயர் ஒன்று. பத்தாண்டு கழிந்தபின் கேட்டால் செய்தவன் பெயர் மட்டுமே எஞ்சி நிற்கும். அவன் மீசை, அவன் துணிச்சல், அவன் தப்பிய வழி, அவன் பிடிபட்ட இடம் யாவும் சிறுவர்க்கும் மனப்பாடம். மாண்டவர் என்ன தொழில் செய்தார், எத்தனை பிள்ளைகளை விட்டுச் சென்றார் என்று வினவினால் விடை கூறுவார் இலர். இம்மறதி தானாக நேர்வதன்று. கதை சொல்லுவோர் மேற்கொண்ட முறையினால் நேர்வது. ஆதலின் இஃது இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருளே ஆகும்.

இதனை ஆராய முற்படும் நாம் பிறரைக் குறைகூறும் முன் நம்மையே சாட்சிக் கூண்டில் நிறுத்துதல் முறை. 2004ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் இரவு, தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் அதிரடிப்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான். மறுநாள் அவன் உடல் வைக்கப்பட்டிருந்த தருமபுரி அரசு மருத்துவமனை முன்னர் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். அக்கூட்டத்தில் நாமும் நின்றோம். பார்த்து வந்ததைப் பள்ளியில் மாணவர்க்குச் சுவைபடக் கூறினோம். வகுப்பே வாய்பிளந்து கேட்டது. சித்தேரி மலைப்பக்கத்திலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, “ஐயா, எங்க பக்கம் வாச்சாத்தியில நடந்ததையும் சொல்லுவீங்களா?” என்று கேட்டான். சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. செய்தித்தாளில் படித்த இரண்டொரு வரியன்றி நாம் அறிந்தது எதுவுமில்லை. கொன்றவனைக் காண ஓடிய கால்கள், பன்னிரண்டு ஆண்டுகளாக அதே மாவட்டத்தில் அழுதுகொண்டிருந்தவர்களை நோக்கி ஓர் அடியும் எடுத்து வைத்ததில்லை. அன்று உற்ற நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

பழைய மரபு

குற்றத்தைக் கூறும் இலக்கியம் தமிழுக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் நடுவே நிற்பது ஒரு களவும் ஒரு பொய்க் குற்றச்சாட்டும் ஓர் அநியாயக் கொலையுமே ஆகும். ஆயினும் இளங்கோவடிகள் பொற்கொல்லன் கதையை எழுதினாரில்லை. அவன் எவ்வாறு திருடினான், எத்துணைச் சூழ்ச்சியுடையான் என்பதில் அவர் நெஞ்சம் தங்கவில்லை. கணவனை இழந்த பெண் அரசவைக்கு வந்து கேட்கும் கேள்வியே அக்காப்பியத்தின் உயிர். குற்றத்தால் இழந்தவரை நடுவில் நிறுத்தும் முறைக்கு இதனினும் சிறந்த சான்று நம் மொழியில் இல்லை.

பின்னர் வந்த நொண்டி நாடகங்கள் வேறு வழி சென்றன. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் பெயரால் வழங்கும் நொண்டி நாடகம் நம்மவர் பெருமையோடு போற்றும் நூல்களுள் ஒன்று. கள்வன் தன் வாயாலேயே தன் கதையைச் சொல்கிறான். தவறிய வழி, பெற்ற தண்டனை, வருந்தித் திருந்தியது ஆகியவற்றை விரிக்கிறான். பாவிக்கும் மீட்சி உண்டு என்னும் அருமையான செய்தி அதில் உள்ளது. ஆயினும் அவனிடம் பொருளைப் பறிகொடுத்தோர் அந்நாடக வகையில் நிழலாகவே நிற்கின்றனர். திருந்தியவனுக்காக மகிழும் நாம் இழந்தவனுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பதில்லை.

அச்சுக்கூடங்கள் பெருகிய காலத்தில் கொலைச்சிந்துகள் தோன்றின. சந்தையிலும் திருவிழாவிலும் பாடி விற்கப்பட்ட அம்மலிவுப் பதிப்புகள் கொலையைக் காட்சிப் பொருளாக்கின. 1952இல் சென்னையில் நிகழ்ந்த ஆளவந்தார் கொலை இன்றளவும் ‘தலை வேறு, உடல் வேறு’ என்ற அளவிலேயே நினைவுகூரப்படுகிறது. 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்துண்டு மறுநாள் இறந்த இலட்சுமிகாந்தன் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. அவ்வழக்கில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைப்பட்டு 1947இல் விடுதலையாயினர். அவர்களுக்காகத் தமிழகம் கண்ணீர் வடித்தது, வடித்ததில் பிழையில்லை. ஆனால் கொலையுண்டவனுக்காக ஒரு துளியும் சிந்தவில்லை. அவன் பிறர் மானத்தை விலைபேசிய இதழாளன் என்பது உண்மையே. எனினும் நல்லவர் கொலையுண்டால் மட்டுமே இரங்குவோம் என்றால் அதற்கு இரக்கம் என்று பெயரில்லை, அது பரிசளிப்பு.

வீரப்பன் கதைகள்

இனி நம் மாவட்டத்துக் காட்டுக்கு வருவோம். வீரப்பனைப் பற்றி எழுந்த படைப்புகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூலகமே ஆகும். ‘சந்தனக்காடு’ என்னும் தொலைக்காட்சித் தொடர், 2013இல் ‘வனயுத்தம்’, 2016இல் ராம் கோபால் வர்மாவின் கன்னடப் படம், 2017இல் அதிரடிப்படைத் தலைவராயிருந்த விஜயகுமாரின் நூல், 2023இல் இணையத் திரையில் வெளியான இரு ஆவணத் தொடர்கள் எனப் பட்டியல் நீளுகின்றது. இவற்றுட் சில அவனை வீரனாக்கின, சில அரக்கனாக்கின. இருதரத்தாரும் ஒன்றில் உடன்பட்டனர்: நடுவில் நிற்க வேண்டியவன் அவனே. ஒருபுறம் வேட்டையாடியவன், மறுபுறம் வேட்டையாடப்பட்டவன் என்ற அமைப்பில், மிதியுண்ட புல்லுக்கு இடமேது?

1991இல் அவன் கொன்ற வனத்துறை அதிகாரி சீனிவாஸ், அவனுடைய சொந்த ஊராகிய கோபிநத்தத்தில் மக்களுக்காக உழைத்தவர். அங்கே கோயில் எழுப்ப உதவியவர். அவ்வூரார் இன்றும் அவரை நெஞ்சில் வைத்துள்ளனர். வீரப்பனைப் பெயர் சொல்லி அறியும் நம் பிள்ளைகளுள் சீனிவாஸை அறிந்தோர் எத்தனை பேர்? 1993 ஏப்ரல் 9ஆம் நாள் பாலாற்றருகே வெடித்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டனர். காவலர் மட்டுமன்றி, அவர்களோடு சென்ற ஊர்ப்புறத்து எளியோரும் அவர்களுள் இருந்தனர். அவ்வெளியோரைப் பற்றிப் பாட்டுமில்லை, படமுமில்லை. படைப்புகளில் அவர்கள் ஓர் எண். வெடியின் ஆற்றலைக் காட்டும் அளவுகோல்.

வாச்சாத்தி

அக்காலத்தே சந்தனமரக் கடத்தலைத் தடுப்பதாகக் கூறி அரசுப் பணியாளர் செய்த கொடுமையே வாச்சாத்தி. அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடியில் மலையாளிப் பழங்குடியினர் வாழும் சிற்றூர் அது. 1992 ஜூன் 20ஆம் நாள் வனத்துறையினர் 155 பேர், காவல்துறையினர் 108 பேர், வருவாய்த்துறையினர் 6 பேர், ஆக 269 பேர் அவ்வூரைச் சூழ்ந்தனர். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, கிணற்று நீர் குடிக்க இயலாதவாறு கெடுக்கப்பட்டது. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். குழந்தைகள் உட்பட நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாகிச் சேலம் சிறைக்குச் சென்றனர்.

பழங்குடி மக்கள் சங்கத்தாரும் மார்க்சிய கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் நல்லசிவனும் முயன்றபின் வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1995இல் உயர் நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுக்கு ஆணையிட்டது. 2011 செப்டம்பர் 29ஆம் நாள் தருமபுரி நீதிமன்றம் 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. எஞ்சிய 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29ஆம் நாள், நீதியரசர் வேல்முருகன் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்ச ரூபாய் வழங்க ஆணையிட்டார். தீர்ப்புக்கு முன் அவர் அவ்வூருக்கே சென்று மக்களைச் சந்தித்தார் என்பது போற்றற்குரியது.

இதில் நம் திறனாய்வுக்கு வேண்டிய ஒரு பாடம் உள்ளது. மதரஸாவில் பயின்ற நமக்கு ‘இல்முர் ரிஜால்’ எனப்படும் அறிவிப்பாளர் ஆய்வுக்கலை கற்பிக்கப்பட்டது. செய்தியைக் கேட்கும் முன், சொல்லுபவர் யார், அவர் நேர்மை எத்தகையது என்று கேட்கும் கலை அது. பதவியில் இருப்பவர் என்பதால் அவர் சொல் அக்கலையில் தப்பிவிடாது. அக்கலையின் பேரறிஞர் இமாம் தஹபீ, பொய் கூறியதாகப் பழி சுமத்தப்பட்டு ஒதுக்கப்பட்ட பெண் அறிவிப்பாளர் எவரையும் தாம் அறியவில்லை என்ற கருத்தைப் பதிவு செய்துள்ளார். வாச்சாத்தியில் நிகழ்ந்ததை எண்ணுக. ஒருபுறம் முத்திரை பதித்த அரசு ஏடுகள். மறுபுறம் எழுத்தறியாப் பெண்களின் வாய்மொழி. பத்தொன்பது ஆண்டுகள் ஆராய்ந்தபின் நிலைத்தது வாய்மொழியே. குற்றக் கதை எழுதுவோர் யார் வாயிலிருந்து கதையைப் பெறுகிறோம் என்று முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். காவல்நிலையக் கோப்பு ஒரு சாட்சி, அதுவே வேதமன்று.

இரு நன்முயற்சிகள்

இழந்தவரை நடுவில் வைத்துச் சொன்ன படைப்புகளும் இல்லாமலில்லை. 2004இல் வெளிவந்த ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ அவற்றுள் தலையாயது. வழக்கறிஞரும் மனித உரிமைப் பணியாளருமாகிய ஆசிரியர், வீரப்பன் வேட்டையின்போது சோளகர் பழங்குடியினர் பட்ட துயரை நாவலாக்கினார். அந்நூலின் சிறப்பு அதன் முற்பகுதியில் உள்ளது. துன்பம் வருமுன்னர் அம்மக்கள் எவ்வாறு உழுதனர், தேனெடுத்தனர், பாடினர், பிணங்கினர் என்பதை ஆசிரியர் பொறுமையாகக் காட்டுகிறார். ஆதலால் பிற்பகுதியில் அடிபடுவோர் நமக்கு அயலார் அல்லர். நாம் அறிந்த வீட்டார். வீரப்பனோ கதையின் ஓரத்தில் நிற்கின்றான். இடம் மாறியதும் உண்மையும் தெளிவாகின்றது.

குறையே இல்லையா எனின், உண்டு. வதைமுகாம் பக்கங்களில் கொடுமைமேல் கொடுமை அடுக்கப்படுகையில், முற்பகுதியில் நாம் கண்ட தனித்தனி முகங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்குகின்றன. எனினும் அப்பக்கங்கள் கிளர்ச்சிக்காக எழுதப்பட்டவை அல்ல. அதிரடிப்படையின் அத்துமீறல்களை ஆராயத் தேசிய மனித உரிமை ஆணையம் நீதியரசர் சதாசிவா தலைமையில் குழு அமைத்ததும், 2007இல் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்கக் கூறியதும் வரலாறு. நாவல் மிகைபடக் கூறியது என்பார்க்கு அதுவே விடை.

மற்றொன்று பாலாஜி சக்திவேலின் ‘கல்லூரி’ என்னும் 2007ஆம் ஆண்டுத் திரைப்படம். 2000 பிப்ரவரி 2ஆம் நாள், கொடைக்கானல் விடுதி வழக்கின் தீர்ப்பை ஒட்டிய கலவரத்தில், தருமபுரி இலக்கியம்பட்டியில் வேளாண் பல்கலைக்கழகப் பேருந்து எரிக்கப்பட்டது. கல்விச் சுற்றுலா வந்த மாணவியர் மூவர் கருகி மாண்டனர். அந்நிகழ்ச்சியை மனத்திற்கொண்டு எழுந்த அப்படம், எரித்தவர்க்கு ஏறத்தாழ இடமே தரவில்லை. மாணாக்கரின் நட்பும் வறுமையும் விளையாட்டுமே படம் முழுதும். இறுதியில் தீ வருகையில் அணைந்தது எத்தகைய விளக்கு என்பது நமக்குத் தெரிகின்றது. உண்மை வழக்கிலோ மூவர்க்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது, 2016இல் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 2018இல் அவர்கள் விடுதலையானது என்றே பேச்சு நடந்தது. தண்டனை பற்றிய விவாதம் வேண்டுவதே. ஆனால் அம்மூவரைப் பற்றிப் பேசிய அளவில் பத்திலொரு பங்கேனும் இம்மூவரைப் பற்றிப் பேசினோமா?

இரு தடைகள்

ஆறிய புண்ணை ஏன் கிளறவேண்டும் என்பார் சிலர். ஆறியது என்று கூறும் உரிமை புண்பட்டவர்க்கே உண்டு. வாச்சாத்திப் பெண்கள் முப்பத்தோராண்டு நீதிமன்றப் படியேறினர். அவர்கள் மறதியை வேண்டினாரல்லர். அதே வேளையில் அவர்தம் பெயரையும் உடற்காயத்தையும் கடைப்பொருளாக்கவும் நமக்கு உரிமையில்லை. வன்கொடுமைக்கு உள்ளானவர் பெயரை வெளியிடலாகாது என்பது நாட்டின் சட்டம். கேட்பவன் கிளர்ச்சிக்காகக் காயத்தை வருணிக்கலாகாது என்பது எழுத்தின் சட்டமாதல் வேண்டும்.

குற்றவாளி எவ்வாறு உருவானான் என்று ஆராய்வது பயனற்றதோ என்பார் வேறு சிலர். பயனுடையதே. ஆனால் அக்காரணமும் இழந்தவர் பக்கம் நின்று நோக்கினாலன்றி முழுமையாகப் புலப்படாது. நிலத்தையும் காட்டையும் ஒரு மக்கள் எவ்வாறு இழந்தனர் என்று ‘சோளகர் தொட்டி’ காட்டுகிறது. அதைப் படித்தபின்தான் அக்காட்டில் துப்பாக்கி எவ்வாறு முளைத்தது என்பது நமக்கு விளங்கிற்று.

திருக்குர்ஆனின் தக்வீர் அத்தியாயம் இறுதி நாளை விவரிக்கையில், உயிரோடு புதைக்கப்பட்ட பெண்மகவிடம் வினா எழுப்பப்படுவதைக் குறிக்கின்றது. புதைத்தவனை விளிக்காமல் புதையுண்டவளிடம் கேட்பதன் நயத்தை விரிவுரையாளர் பலர் வியந்துள்ளனர். பேச்சறியாமல் மாண்ட குழவிக்கு அன்று பேச்சு அளிக்கப்படுகின்றது. குற்றத்தைப் பற்றி எழுதும் பேனாவுக்கு இதனினும் தெளிந்த நெறி ஏது?

அன்று நம்மிடம் கேட்ட மாணவனுக்குக் காலந்தாழ்ந்தேனும் விடையிறுக்கக் கடமைப்பட்டோம். இப்பொழுது வகுப்பில் அக்காலத்தைப் பற்றிப் பேச நேர்ந்தால் நாம் மருத்துவமனை வாயிலிலிருந்து தொடங்குவதில்லை. மலையடியில் ஓர் ஊர், அதில் ஓர் ஏரி, ஒரு கிணறு, களத்தில் குவித்த தானியம் என்று தொடங்குகிறோம். வகுப்பு முன்போல் வாய்பிளந்து கேட்பதில்லை; தலைகுனிந்து கேட்கிறது. அதுவே போதும்.