ஒரு நாணுக்கு இரண்டு வில்

வட்டம் என்ற பாடம் தொடங்கும் நாளில் உயர்நிலை வகுப்புகள் பலவற்றில் நடப்பது இதுதான். கரும்பலகையில் ஒரு வட்டம். அதன்மேல் மையம், ஆரம், விட்டம், நாண், வில், தொடுகோடு, வெட்டுக்கோடு என்று பெயர்கள். குறிப்பேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒருவரி வரையறை. தேற்றங்கள் அதற்குப் பிறகு வரும்.

இந்த முறையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. யூக்ளிட் தம் எலிமென்ட்ஸ் நூலில் வட்டத்துக்கென ஒதுக்கிய மூன்றாம் பாகத்தை 11 வரையறைகளோடுதான் தொடங்குகிறார். 37 கூற்றுகளும் பின்னால்தான் வருகின்றன. தமிழில் படிப்பவருக்கு இன்னொரு வசதியும் உண்டு. பெயர்களே படம் காட்டும். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலைப் பார்த்தவருக்கு ஆரம் புதிதல்ல. ஓட்டு வீட்டில் சுவருக்குச் சுவர் கிடக்கும் விட்டமும் அப்படியே. இலங்கைப் பாடநூல்களில் ஆரத்தை ஆரை என்பார்கள், தொடுகோட்டைத் தொடலி என்பார்கள். நாம் வட்டக்கோணப்பகுதி என்று நீட்டி முழக்குவதை அவர்கள் ஆரைச்சிறை என்கிறார்கள்: இரண்டு ஆரைகளுக்கு நடுவே விரிந்த சிறகு. அந்தச் சொல்மேல் எனக்குப் பொறாமையே உண்டு. நம் பிள்ளைகள் வட்டக்கோணப்பகுதியையும் வட்டத்துண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஊத்தப்பத்தை நடுவிலிருந்து இரண்டு வெட்டு வெட்டி எடுப்பது முதலாவது, ஓரத்தை ஒரே நேர்வெட்டில் எடுப்பது இரண்டாவது என்று காட்டினால் குழப்பம் அன்றே தீரும்.

குறை, பெயர்களைப் பட்டியலாக நிறுத்துவதில் இருக்கிறது. விட்டமும் நாணும் தனித்தனி வரிகளில் நிற்பதால், விட்டமும் ஒரு நாண்தான் என்று பல மாணவர்களுக்குத் தோன்றுவதில்லை. 13 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் மையத்திலிருந்து 12 செ.மீ. தொலைவில் உள்ள நாணின் நீளம் 10 செ.மீ. தொலைவு 5 ஆகும்போது நீளம் 24. நாண் மையத்தின் வழியே போகும்போது 26; அதுதான் விட்டம். பிதாகரஸ் தேற்றம் தெரிந்த பிள்ளை இதைத் தானே கணக்கிட்டால், 'மிகப் பெரிய நாண் விட்டம்' என்ற வரியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

தொடுகோட்டிலும் இதே கதை. வட்டத்தை ஒரு புள்ளியில் தொடுவது என்று மட்டும் எழுதிவைத்தால், ஆரமும் ஒரு புள்ளியில் தொடுகிறதே என்று ஒரு மாணவி கேட்கலாம். கேள்வி நியாயமானது. எவ்வளவு நீட்டினாலும் வட்டத்தை வெட்டாதது என்பதை யூக்ளிட் வரையறையிலேயே சேர்த்திருந்தார். அது இருந்தால் பண்பும் கூடவே வந்துவிடும்: தொடுபுள்ளி தவிர மற்றப் புள்ளிகள் எல்லாம் வட்டத்துக்கு வெளியே இருப்பதால், மையத்திலிருந்து கோட்டுக்கு மிகக் குறைந்த தூரம் ஆரம்; ஆகவே ஆரம் செங்குத்து.

படம் காட்டும் சொல் ஏமாற்றவும் செய்யும். என்னை அதிகம் கவலைப்படுத்துவது வில். வில்லையும் நாணையும் சேர்த்துச் சொன்னதும் மனத்தில் எழுவது வேட்டைக்காரனின் வில், அதாவது சிறிய வில் மட்டும். நாணுக்கு மறுபுறம் உள்ள பெரிய வளைவும் வில்தான் என்பது மனத்தில் ஏறுவதில்லை. ஒரு நாண் மையத்தில் 100° கோணத்தைத் தாங்குகிறது என்போம். பரிதியில் தாங்கும் கோணம் அதில் பாதி என்று மாணவர் 50° எழுதுவார். புள்ளி பெரிய வில்லில் இருந்தால் அது சரி. சிறிய வில்லில் இருந்தால், அந்தக் கோணம் எதிர்ப்புறப் பெரிய வில்லைப் பார்க்கிறது. அந்த வில்லின் மையக்கோணம் 260°, அதில் பாதி 130°. தேற்றத்தைத் தப்பில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளைகூட இங்கே வழுக்குகிறது. அதற்குக் காரணம் முதல் நாள் எழுதிய ஒருவரி வரையறை.

முதல் நாளே கரும்பலகையில் ஒரு நாணை வரைந்து, இரண்டு பக்கமும் ஒவ்வொரு புள்ளி குறித்து, இரண்டு கோணங்களையும் பாகைமானியால் அளக்கச் சொல்லலாம். ஒன்று 50, மற்றது 130. நாணை எங்கே நகர்த்தி வரைந்தாலும் கூட்டினால் 180 வருவதை யாராவது ஒருவர் உரக்கச் சொல்வார். வட்ட நாற்கரம் என்ற பெயரை ஆசிரியர் அப்போது எழுதலாம்.