தாத்தாவின் துப்பாக்கிக்கு மெருகு எதற்கு?

வேலூர் மாவட்டத்தில் துப்பாக்கி லைசென்ஸ் வேலை என்றால் சத்துவாச்சாரிக்குத்தான் வந்தாக வேண்டும். ஆட்சியர் அலுவலகம் இருப்பது அங்கேதான். உரிமதாரர் இறந்தால் வாரிசு விண்ணப்பிக்கலாம். எழுபது வயதானாலோ, இருபத்தைந்து ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசு ஒருவருக்கு மாற்றிக்கொடுக்க 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் வழிசெய்கின்றன. காகித வேலை முடிந்து துப்பாக்கி கைக்கு வந்ததும் பல வாரிசுகளுக்கு ஒரே ஆசைதான்: குழலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதிதாகக் கருப்பேற்றி, கட்டைக்கு வார்னிஷ் அடித்து, தாத்தா வாங்கிய நாளில் இருந்ததுபோல் ஆக்கிவிட வேண்டும்.

இந்த ஆசையில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. துரு தானாக நிற்காது. பழைய தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலுக்குள் அது உப்பாகப் படிந்தது. அந்த உப்பை எண்ணெய் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் எண்ணெய் மட்டும் தடவி வைத்த குழல்கள் உள்ளுக்குள் குழிகுழியாக அரித்துப்போயின. விரிசல் விட்ட கட்டையை அப்படியே விட்டால் பிளவு நீளும். ‘பழையதைத் தொடவே கூடாது’ என்று சொல்லிப் பரணில் போட்டு வைப்பவர் எதையும் பாதுகாக்கவில்லை. அந்த வகையில், மெருகேற்ற நினைப்பவருக்குப் பொருளின் மேல் இருக்கும் அக்கறை சும்மா இருப்பவருக்கு இல்லை.

ஆனால் அக்கறை கை வைக்கும் இடத்தில்தான் சேதமும் நடக்கிறது. குழலின் கருநீலம் பெயின்ட் அல்ல. இரும்பின் மேற்பரப்பிலேயே உருவாக்கப்பட்ட மெல்லிய ஆக்சைடு படலம். அதைத் தேய்த்து எடுத்தால் அடியில் இருக்கும் இரும்பும் சேர்ந்து போகும். செய்தவர் பெயர், பர்மிங்ஹாம் அல்லது லண்டன் சோதனைச் சாலையின் முத்திரை, வரிசை எண் எல்லாம் மழுங்கும். அந்தத் துப்பாக்கியின் வரலாறே அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. ஓர் உதாரணம்: 1907இல் பிரிட்டிஷ் அரசு .450 அளவு ரைபிள்கள் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தது, அதனால்தான் .465, .470 போன்ற அளவுகள் பிறந்தன. குழலில் இருக்கும் அளவு எண்ணைப் பார்த்தே அது எந்தக் காலத்துச் சரக்கு என்று ஓரளவு ஊகித்துவிடலாம். பஃபிங் சக்கரத்தில் ஒரு மணி நேரம் கொடுத்தால் அந்தச் சாட்சி அழிந்துவிடும்.

சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, துப்பாக்கியில் பொறித்த பெயரையோ எண்ணையோ அடையாளக் குறியையோ அழிப்பதையும் மாற்றுவதையும் தடைசெய்கிறது. பழுதுபார்க்கும் தொழிலுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். தெருக்கோடி லேத் பட்டறையில் கொடுத்து ‘சும்மா பாலீஷ் போட்டுக் கொடுங்க’ என்று கேட்பது எவ்வளவு பெரிய ஆபத்து என்று பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி ரைபிளைப் பாருங்கள். 1907இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக அவருக்குக் கொடுத்த பரிசு அது. 2015இல் அது அதைச் செய்த ரிக்பி கம்பெனியிடமே திரும்பி வந்தது. புதிதாக்கும் கைத்திறன் அவர்களிடம் இல்லையா? ஆனாலும் நினைவுக்காக வேறொரு புது ரைபிளைத்தான் செய்தார்கள். தேய்ந்த பழையதைத் தேய்ந்தபடியே விட்டு, அடுத்த ஆண்டு இந்தியாவுக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். என் கண்ணில் இதுவே சரியான முன்மாதிரி.

நம் பக்கத்துக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஏலகிரியும் ஜவ்வாது மலையும் ஒருகாலத்தில் வேட்டைக்காடுகள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கதை முடிந்தது, முடிந்ததும் நல்லதே. இனி அந்தக் காட்டுக்குப் போகாத துப்பாக்கிக்கு வேட்டைக்குத் தயாரான தோற்றம் எதற்கு? தோள்பட்டையில் உரசிய வழவழப்பும், தோல்வார் தேய்த்த இடமும், உள்ளூர்க் கொல்லர் செம்புக் கம்பி சுற்றி ஒட்டவைத்த கட்டையும் ஒரு மனிதர் அதோடு எப்படி வாழ்ந்தார் என்பதைச் சொல்லும். அந்தச் செம்புக் கம்பியை ‘அசிங்கம்’ என்று பிரித்து எறிவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பாதுகாப்பதிலும் நாம் தவறுகிறோம். தோல் பதனிடும் ஊர்க்காரர்களான நாம் துப்பாக்கியைத் தோல் உறையிலேயே ஆண்டுக்கணக்கில் வைக்கிறோம். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் டானின் அமிலம் இருக்கும். குரோம் தோலில் உப்பு இருக்கும். இரண்டுமே ஈரத்தை இழுக்கும். உறை தனியாக, துப்பாக்கி தனியாக இருக்க வேண்டும். ஆயுத பூஜைக்குக் குழலில் ஈரச் சந்தனமும் குங்குமமும் வைத்து மறந்துவிடுவதும் அதே கேடுதான். குடகில் கயில்பொலுது பண்டிகை நாளில் துப்பாக்கிகளைத் துடைத்து, நம் செங்காந்தளை அதில் செருகி வணங்குகிறார்கள். அதுபோல் பூவோடு நிறுத்திக்கொண்டால் இரும்புக்கு நல்லது.

சிவப்பாகப் பொடி உதிரும் துருவை எண்ணெயும் மெல்லிய துணியும் கொண்டு பொறுமையாக எடுக்கலாம். கெட்டியான பழுப்பு நிறத்தைத் தொட வேண்டாம். கட்டைக்கு வார்னிஷ் வேண்டாம், சிறிது மெழுகு போதும். இதற்கு ஒரே விலக்கு, இன்றும் பயிர்ப் பாதுகாப்புக்காக லைசென்ஸோடு சுடப்படும் துப்பாக்கி. அங்கே அழகைவிட உயிர் பெரிது: கரிமருந்துக் காலத்துக் குழலில் இன்றைய தோட்டாவைப் போட்டால் குழல் வெடிக்கலாம். லைசென்ஸ் பெற்ற துப்பாக்கித் தொழிலாளி குழலைச் சோதித்துச் சரி என்று சொல்லாதவரை அதில் ஒரு தோட்டாகூடப் போடக் கூடாது. சரியில்லை என்றால் வேறு துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கட்டும். பழைய குழலைக் குடைந்தும் மாற்றியும் ஓட வைக்க வேண்டாம்.